ஹபீப் பாய் குதிரை ஏறினார்

கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக் குதிரையை நடத்திப் போகும் ஹபீப் பாய்க்கு ஒரு ரகசியம் உண்டு. இருபத்திரண்டு வருஷமாகக் குதிரையோடு நடக்கிறாரே தவிர, ஒரு நாளும் அதன்மேல் ஏறி உட்கார்ந்ததில்லை. பயம். பக்கத்தில் மக்காச்சோளம் சுட்டு விற்கும் எனக்கு இது தெரியும். அவர் மனைவி ஜாஹிதாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. "ஒண்ணும் ஆகாது சார், தைரியமா உக்காருங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்?

பெட்டைக் குதிரை, பெயர் ராக்கெட். அந்தப் பெயரை வைத்தவன் கையில் கிடைத்தால் கேட்பதற்கு என்னிடம் நாலு கேள்வி இருக்கிறது. ஹபீப் அதன் இடது தோளருகே கயிற்றோடு நடந்தால் அதுவும் நடக்கும். அவர் நின்றால் நிற்கும். யாராவது செல்போனைத் தூக்கினால் போட்டோ எடுக்கிறார்கள் என்று தானாகவே நின்றுவிடும். எட்டு வருஷப் பழக்கம். வீட்டில் யாராவது தும்மினால் ஹபீப் கஷாயம் வைப்பார். ராக்கெட் தும்மினால் டாக்டரைக் கூப்பிடுவார்.

போன மாசம் குதிரையின் முதலாளி ஜாபர் அலிக்கு முழங்கால் வலி முற்றி, தொழிலே வேண்டாம் என்றாகிவிட்டது. பேத்துப்பாறைப் பக்கம் புதிதாகத் தொடங்கிய சவாரிப் பயிற்சி முகாமுக்கு ராக்கெட்டைக் கொடுப்பதாகப் பேசி முடித்தார். கட்டை, டயர், பள்ளம் என்று வழியில் கிடப்பதையெல்லாம் குதிரையில் தாண்டிப் போகிற கிராஸ் கன்ட்ரி அங்கே. குதிரையோடு வருகிற ஆள் அந்த மூன்றையும் சவாரி செய்து தாண்டிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

"ஏலே ஹபீபு, குதிரை போறது முடிவாயிருச்சு. கூட நீ போறியா, வேற ஆளப் பாக்கவா?"

"நானே போறேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு என் கடைக்கு வந்தவர், சுடாத சோளத்தை எடுத்து அப்படியே கடித்தார். "அவ இல்லாம வெள்ளனே எந்திரிச்சு நான் எங்கய்யா போவேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது.

முகாமில் பயிற்சி கொடுப்பவர் மகாதேவி. மேல்மலையில் பூண்டு போடும் குடும்பத்துப் பெண். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். "கட்டையப் பாக்காதீங்க பாய். நீங்க பாத்தா குதிரையும் பாத்துட்டு நின்னுரும். அதுக்கு அங்கிட்டு இருக்கிற மரத்தப் பாருங்க. பயமாருந்தா பிடரி மயிரப் பிடிச்சுக்கங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல. மொதல்ல தரையில கெடக்குற கம்பு, பெறகு கணுக்கால் ஒசரம், பெறகு முழங்கால். கான்ஃபிடன்ஸ் அப்படித்தான் வரும். எங்க, ஏறுங்க."

இன்றைக்கு இடுப்பில் பிடிப்பு, வீட்டிலேயே பழகிக்கொள்கிறேன் என்று பதினைந்து நாள் தவணை வாங்கி வந்துவிட்டார் ஹபீப்.

பழகவும் செய்தார். தினமும் விடிந்ததும் என் கடைக்குப் பின்னால் கட்டையைப் போட்டு, கைலியை மடித்துக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, முதலில் இவர் தாண்டுவார். பின்னாலேயே ராக்கெட் தாண்டும். கம்பு, கணுக்கால், முழங்கால் என்று மகாதேவி சொன்ன வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை. நாற்பத்தெட்டு வயசு மனிதர் வெள்ளாடு மாதிரித் துள்ளினார். போட்டி மனிதர்களுக்கு என்றால் மெடலே வாங்கியிருப்பார்.

"ஏறிப் பாருங்க பாய்" என்றேன்.

"மொதல்ல அவளுக்குத் தைரியம் வரட்டும். ஏறுறது என்ன பெரிய சோலி? கடைசில பாத்துக்கலாம்."

அன்றைக்கே அவரைக் கட்டிப் பிடித்து ஏற்றிவிட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையதும்தான்.

தவணை முடிந்த நாள் முகாமில் நானும் ஜாபர் அலியும் சேர்ந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். மூட்டையே தேவலாம், தூக்கினால் திட்டாது. ராக்கெட் கட்டைவரை ஒழுங்காகப் போயிற்று. நின்றது. இடது பக்கம் திரும்பிப் பார்த்தது. தனக்கு முன்னால் தாண்டவேண்டிய ஆளைக் காணோம். வலது பக்கமும் பார்த்தது. அப்புறம் ஒரு முழு வட்டம் அடித்துத் தேடியது. இந்த அழகை வீடியோ எடுக்க ஜாபர் அலி செல்போனைத் தூக்க, ராக்கெட் போட்டோவுக்கு நின்றேவிட்டது.

"போனை உள்ள வைங்க பாய்!" என்று கத்தினாள் கூட வந்திருந்த ஜாஹிதா. "கயித்த இங்கிட்டுக் குடுங்க." செருப்பைக் கழற்றி எறிந்தாள், கயிற்றைப் பிடித்து ஓடினாள், கட்டையைத் தாண்டினாள். ராக்கெட்டும் தாண்டியது. மேலே ஹபீப் ஓதிக்கொண்டே போனார். டயரும் அப்படியே ஆயிற்று.

மகாதேவி கையைக் காட்டி நிறுத்தினார். "போதும்க்கா. பள்ளத்த அவர் தனியாத் தாண்டட்டும். கேம்ப்ல ஒவ்வொரு சவாரிக்கும் உங்கள ஓடவிட முடியுமா? இதுவும் நின்னுச்சுன்னா வேற ஆளத்தான் போடணும்."

ஜாஹிதா மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கயிற்றை ஜாபர் அலி அவிழ்த்து எடுத்துக்கொண்டார். ராக்கெட் பள்ளத்துக்கு முன்னால் போய் நின்றது. மறுபடியும் இடது பக்கம் பார்த்தது. யாருமில்லை. லேசாகக் கனைத்தது.

ஹபீபுக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனால் அந்தக் கனைப்பைக் கேட்டதும் மனிதர் பயத்தை மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு கையாலும் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு இடது பக்கமாகக் குனிந்து, விழுந்துவிடுவாரோ என்று நாங்கள் பதற, தன் முகத்தை அதன் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோனார்.

"ஏட்டி, அங்கிட்டு எங்க தேடுற? நான் மேல இருக்கேன்டி."

ராக்கெட் காதை ஆட்டியது. அவர் நிமிர்ந்து தூரத்து மரத்தைப் பார்த்தார். அடுத்த நொடி இருவரும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

மகாதேவி கைதட்டினார். ஜாஹிதா அழுதாள், சிரித்தாள், செருப்பைத் தேடினாள். ஜாபர் அலி நொண்டிக்கொண்டே போய், "ஒங் குதிரைதான்டா, பிடி" என்று கயிற்றை நீட்டினார். வாங்க ஹபீபுக்குக் கை வரவில்லை. இரண்டு கையும் இன்னும் பிடரி மயிரைவிட்டு வரவில்லை.