சும்மா இருக்கும் வேலை

எந்தக் கட்சியையும் சேராமல் தேர்தலைக் கவனிக்க முன்வந்த எங்களுக்கு ஈப்போவில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். சொல்லித்தர வந்த அம்மாள், ஒரு காலத்தில் கம்யூனிஸ்டு ஆட்சி நடந்த நாட்டுக்காரர். அங்கே சில ஊர்களில் கணவன் வாக்களிக்கும் மறைப்புக்குள் மனைவியோடு போய் அவளுடைய வாக்கையும் சேர்த்துப் போட்டுவிடுவானாம். கேட்டால், குடும்பம்தானே என்பார்களாம். "பாருங்கள், எழுதுங்கள், வாயைத் திறக்காதீர்கள்" என்றார். நம் ஊரில் இதெல்லாம் நடக்காது என்று சிரித்துக்கொண்டோம். மத்தியானம் பிரியாணி நன்றாக இருந்தது.

ஆள் பற்றாக்குறையால் எனக்குக் கிடைத்தது நான் பிறந்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, சனங்கள் டவுன் பக்கம் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டாலும் வாக்கு இன்னும் அங்கேதான். வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தம். தெரிந்தவரைப் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் இருப்பது எங்களிடையே பெரிய குற்றம். வாக்களிப்பு அறையில் கவனிக்க உட்கார்ந்தவர் வாக்காளரோடு பேசுவது அதைவிடப் பெரிய குற்றம். "கழுத்துல அட்ட மாட்டுனா நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிய மாட்டோம் போல லா" என்று ஓர் அக்கா என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கூட்டம் குறைந்த நேரத்தில் பெரியம்மா வந்தார். அவர் மகன், எனக்கு அண்ணன், கையைப் பிடித்து நடத்தி வந்தார். "அம்மாவுக்குக் கண் தெரியாது, நான்தான் போட்டுத் தர வேண்டும்" என்று அதிகாரியிடம் மலாயில் சொன்னார். போன வாரம்தான் என் வீட்டுச் சமையலறையில், கண்ணாடிகூட இல்லாமல், பெரியம்மா ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து வந்த நெத்திலியைத் தலை கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "இந்தத் தடவ நானே யோசிச்சுப் போடப் போறேன். அவன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட மாட்டேன்" என்று சொன்னதும் அப்போதுதான்.

அதிகாரி நல்ல மனிதர். "மக்சிக், கண் தெரியாதா?" என்று பெரியம்மாவையே கேட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், குழுவின் பெயரும் கெடும். உட்கார்ந்தே இருந்தேன். பெரியம்மா தலையாட்டினார். இருவரும் மறைப்புக்குள் போனார்கள். அதன்பிறகு, நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தேன்.

சாயங்காலம் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வெளியே போயிருந்தார். இருந்த ஆத்திரத்தையெல்லாம் பெரியம்மா மேல் கொட்டினேன்.

"கண்ணு நல்லாத்தானே தெரியுது பெரியம்மா? அந்த ஆபீசர் உங்களத்தானே கேட்டாரு? தெரியுதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அவன் செய்றது தப்போன்னு தோணுச்சு. தப்பா இருந்தா நீ சும்மா விட மாட்டியேன்னு உன்னப் பார்த்தேன். நீ பாட்டுக்கு உக்காந்திருந்த. சரி, அப்ப இதுதான் சட்டம் போலன்னு தலையாட்டிட்டேன்."