சிறப்பு விருந்தினரின் இலை

இலையின் நுனியருகே ஒரு வெள்ளை அட்டையை மடித்து நிறுத்தியிருந்தார்கள். ‘சிறப்பு விருந்தினர்’ என்று அதில் பச்சை மையில் எழுதியிருந்தது. ஒரு வாரம் முன்பு எழுதிக் கொடுத்தவள் நான்தான். உப்பு வைத்தாயிற்று, கூட்டும் பொரியலும் தத்தம் இடத்தில் வந்து அமர்ந்தாயிற்று, அப்பளமும் மேலே சாய்ந்தாயிற்று. இலைக்கு உரியவர் மட்டும் வரவில்லை. அவருக்கான நாற்காலியில், மயில்கழுத்து நிறப் பட்டும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவுமாக, என் அத்தை உட்கார்ந்து அப்பளத்தை ஒடித்தாள். ஒடிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். சிறுமியாக நடவுக்குப் போனவள். அந்த வயல்காரர் வீட்டுக் கல்யாணங்களில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி, வெற்றிலை போட்டுத் துப்பிய பிறகு, மாட்டுக்கொட்டகைப் பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டவள். பிறகு சிங்கப்பூருக்குப் போய் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். திரும்பி வந்தபோது ஒரு கைக்கடிகாரமும், சேலைக்கு ஷூ போடும் வழக்கமும், யாரையும் கண்ணைப் பார்த்துப் பேசும் வழக்கமும் கூடவே வந்தன. கடைசி வழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு, விமானத்தில் வந்ததல்ல என்பாள் அம்மா. தான் குனிந்து நாற்று நட்ட அதே வயலைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தாள். ஊர் அவளை ‘சிங்கப்பூரு’ என்று கூப்பிட்டது. அந்தப் பெயரில் கேலி பாதி, பயம் பாதி.

நான் தஞ்சாவூரில் பல்கலைக்கழக விடுதியில் தங்கி வரலாறு முதுகலை படித்தேன். துறையில் வருடந்தோறும் விருது விழா நடக்கும். முதலிடம் வந்தவர்களுக்குப் பதக்கம், நல்ல ஆய்வேட்டுக்குக் கேடயம், முடிவில் மதிய விருந்து. அந்த வருடம் பதக்கமும் கேடயமும் எனக்கே வந்தன. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த நான் விழாவன்று காலை கிளம்பும்போது, அறுப்பு மிஷினின் முறை எங்கள் வயலுக்கு வந்து நின்றது. அப்பாவாலும் அம்மாவாலும் நகர முடியவில்லை. அத்தை பீரோவைத் திறந்து பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மன்னார்குடி வழியாகப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியில் தெரிந்த ஒவ்வொரு வயலையும் வம்புக்கு இழுத்தாள். “யாரு வயலு பாப்பா இது? நெல்லைவிடக் களை ஒசரமா நிக்குது. களைக்குத்தான் குத்தகை எடுத்தானா இவன்?” முன் இருக்கையில் இருந்தவர் திரும்பி முறைத்தார். அவருடைய வயலாகக்கூட இருக்கலாம்.

பதக்கத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று அன்று எனக்கு ஆக வேண்டியிருந்தது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் அந்தப் பேச்சை நிறுத்துகிறேன் என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். சேர வேண்டுமானால் வழிகாட்டியாக ஒருவர் கையெழுத்திட வேண்டும். இடம் இருந்தது துறைத்தலைவரிடம் மட்டும். “விருந்து முடிஞ்சதும் ரூமுக்கு வாம்மா, போட்டுத் தரேன்” என்று காலையில் சிரித்த முகமாகவே சொல்லியிருந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். கோயில் கல்வெட்டுகளில் அன்னதானம் என்பது அவருடைய துறை. எந்த மண்டபத்தில் யார் யார் உண்டார்கள், அவர்களுக்கு எவ்வளவு நெல் அளந்தார்கள் என்று குறிப்பே இல்லாமல் மணிக்கணக்கில் பேசுவார். யார் யார் அங்கே உட்காரவே இல்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். “கல்லுல இருக்கறதத்தான் நாம படிக்க முடியும்” என்றார். நியாயமான பதில்தான். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விழா முடிந்தது. கருத்தரங்க அறையில் நீள மேசைகள் போட்டு ஆசிரியர்களுக்கும் விருது பெற்ற மாணவர்களுக்கும் தலைவாழை இலை விரித்தார்கள். பெற்றோருக்கு வெளியே வராந்தாவில் சாம்பார் சாதப் பொட்டலம். அறை சின்னது என்று காரணம் சொன்னார்கள். பொய்யில்லை, அறை சின்னதுதான். ஆனால் எந்த ஊர்ச் சின்ன அறையிலும் இடம் போதாமல் வெளியே நிற்பவர்கள் ஒரே ஆட்களாக இருக்கிறார்களே, அதற்கு என்ன காரணம்? திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பையனின் அப்பா, பொட்டலத்தைப் பிரசாதம்போல இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு படியில் போய் உட்கார்ந்ததை என் நாற்காலியிலிருந்து பார்த்தேன். திறந்திருந்த கதவு வழியாக அத்தையின் குரலும் கேட்டது.

“உள்ள எல போட்டிருக்கு போல?”

“அது விஐபிங்களுக்குப் பாட்டி” என்றான் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த மாணவன்.

“யார்றா ஒனக்குப் பாட்டி? தலையில சாயம் போட்டு ஒரு வாரம் ஆவல, பாட்டிங்கறான்.”

அடுத்த நிமிடம் அவள் உள்ளே இருந்தாள். ஷூ கீச்சிட நடந்து வந்து, காலியாக இருந்த ஒரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் துறைத்தலைவர்.

“அம்மா, இது சிறப்பு விருந்தினர் எடம். அவரு வந்துக்கிட்டே இருக்காரு” என்றார் அவர்.

“வரட்டுங்க, நல்லா வரட்டும். நான் காலையிலயே வந்துட்டேன்.”

யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

“வெளிய உங்களுக்குச் சாப்பாடு குடுத்தாங்களே?”

“குடுத்தாங்க, வாசனையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் சாப்பாட்டுக்கு வரலீங்க. சோறு எங்க வீட்டுல இருக்கு, நானே வெளைய வைக்கிறேன். எம் புள்ளைக்கு மரியாதை பண்றோம்னு சொன்னீங்க. அது பக்கத்துல உக்கார வந்தேன்.”

அவர் அத்தையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க” என்றார். அதுவரை என்னை ‘நீங்க’ என்று அவர் கூப்பிட்டதே இல்லை. மரியாதைச் சொல் ஒன்று கத்தி மாதிரி இறங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சோற்றுக் கூடையோடு வந்தவர் கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். வரிசை முழுக்க என் வாயைப் பார்த்தது. எழுந்து போய்விடேன் அத்தை என்று உள்ளுக்குள் ஒரு குரல் கெஞ்சியது. என் ஆய்வு, என் கல்யாணம், இனி நான் வாழப்போகும் ஊர், எல்லாம் அந்த ஒரு நாற்காலியில் தொங்கியது. அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் கண்ணுக்குப் பயந்து செய்தேன் என்று பிற்பாடு சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டு அவள்பாட்டுக்கு அப்பளம் தின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணே, எங்க அத்தைக்குச் சோறு வைங்க” என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்தது.

அவர் குவியலாக வைத்தார். “நெய் விடட்டுங்களாம்மா?”

“விடு தம்பி. ஒன் கையி கஞ்சமில்லாத கையி.”

ரசத்துக்கு வந்தபோது சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார். கதவோரம், காற்றாடியின் காற்று எட்டாத மூலையில், அவசரமாக இன்னோர் இலை போட்டார்கள். வேர்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை. பிறகு நான் தலைவரின் அறைக்குப் போனேன். காகிதத்திலிருந்து நிமிராமலேயே, “இந்த வருஷம் எங்கிட்ட எடம் இல்லீங்க” என்றார்.

திரும்பும் பேருந்தில் வெகுநேரம் அழுதேன். மன்னார்குடி தாண்டியதும் அத்தை, “போச்சா?” என்றாள்.

“போச்சு.”

“எம் மேல கோவமா?”

“ஆமா.”

“இருக்கட்டும். நான் எந்திரிச்சிருந்தா அந்தாளு கையெழுத்துப் போட்டிருப்பான், இல்லேங்கல. அப்புறம் தெனம் ஒனக்கு ஒரு பொட்டலம் குடுத்திருப்பான். நீயும் வாங்கிப் பழகியிருப்ப.”

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் போய் நின்றாள். “இவளுக்கு மாப்ள கீப்ளன்னு எவன்கிட்டயாவது வாயைத் திறந்தீன்னா, அந்தப் பந்தியிலயும் நான் வந்து உக்காருவேன், பாத்துக்க” என்றாள். விழாவில் நடந்ததை முழுதாகக் கேட்டிருந்த அப்பா அந்த மிரட்டலை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு ஊர், வேறு வழிகாட்டி, இடையில் தனியார் பள்ளியில் தொண்டை வறள வேலை என்று நான் சுற்றி வந்த தூரம் அதிகம். அத்தை என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டாள் என்று சொல்லும் உறவினர்கள் உண்டு. நாசூக்குத் தெரியாதவள் என்பார்கள். நாசூக்கு என்பது உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களிடம் எதிர்பார்க்கிற குணம், வேறொன்றும் இல்லை. தொலைத்த வருடங்களைக் கூட்டிக் கழித்து அவள்மேல் பழி எழுத யார் சொன்னாலும் எழுத மாட்டேன். அவளைச் சாமியாக்கிச் சட்டம் போட்டு மாட்டவும் மாட்டேன். முன்கோபக்காரி, ஊர் வம்பு இல்லாமல் காப்பி இறங்காது, பேருந்தில் அடுத்தவர் காலை மிதித்துவிட்டுத் தன் ஷூ அழுக்காயிற்று என்று சண்டை பிடிப்பாள். போன ஐப்பசி அடைமழையில் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை அந்த நாளுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அவளை மன்னித்திருக்க மாட்டேன்.

இன்று அதே துறையில் ஆசிரியராக இருக்கிறேன். அந்தத் தலைவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். அறை அதே அளவில்தான் இருக்கிறது. இந்த வருட விருந்துப் பொறுப்பு என்னுடையது. அடுத்த வருடம் துறைத்தலைவர் பதவி முறைப்படி எனக்கு வர வேண்டும். ஆனால் மேலிடம் மனம் வைத்தால்தான் வரும். திட்டமிடும் கூட்டத்தில், பெற்றோருக்குத் தனியாகப் பார்சல் டோக்கன் கொடுத்துவிடலாம் என்றார் சக ஆசிரியர் ஒருவர், நல்ல மனுஷர்தான். ரெண்டு பந்தி போடுவோம், முதல் பந்தி மாணவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் என்றேன்.

“அப்ப துணைவேந்தர்?”

“நம்மளோட. ரெண்டாவது பந்தியில.”

“மேடம், அடுத்த வருஷத்தையும் கொஞ்சம் நெனச்சுக்குங்க.”

“நெனச்சுட்டேன் சார். சாம்பார் ஆறாமப் பாத்துக்கறது எம் பொறுப்பு.”

விருந்தன்று அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். துணைவேந்தர், சிறப்பு விருந்தினர், பின்னால் பைலைச் சுமந்த உதவியாளர்கள் என்று வாசல் நிறைந்தது. முதல் பந்தி பாதியில் இருந்தது. சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் அப்பா அவர்களைப் பார்த்ததும், கையில் பிசைந்த சோற்றோடு, நாற்காலி பின்னால் சரிய எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்த அம்மா என்று வரிசையே கலைய ஆரம்பித்தது. நான் ரச வாளியோடு நடுவில் நின்றிருந்தேன்.

உதவியாளர் ஓடிவந்து என் காதருகில் குனிந்தார். “மேடம், சார் நிக்கிறாரு.”

“நிக்கட்டும்” என்றேன், வாசலுக்கும் கேட்கும்படி.

அந்த அப்பா வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு மெல்ல உட்கார்ந்து, சோற்றின் நடுவில் விரல்களால் ஒரு குழி செய்தார். நான் ரசத்தை ஊற்றினேன்.