வாசலில் ஒரு முடக்கு

என் கராஜில் பழைய சவள் ஒன்று தொங்குகிறது. பனி அள்ளுகிற சவள். தகடு நெளிந்து, ஓரம் தேய்ந்து, என்னைப் போலவே கிழண்டிவிட்டது. பக்கத்திலேயே பனி தள்ளும் மெசினும் நிற்கிறது. இழுத்து ஸ்ராட் பண்ணினால் முழுப் பனியையும் பக்கத்து வீட்டுக்காரனின் முற்றத்தில் துப்பிவிடும். ஆனாலும் வாசலை நான் சவளால்தான் அள்ளுகிறேன். மகள் இதைப் பைத்தியம் என்கிறாள். இருக்கலாம். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து என் தலையைப் பற்றி நான் யாரோடும் வாதாடுவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அண்ணையின் வீட்டில் பேஸ்மென்ற்றில் இருந்தேன். மேலே அண்ணையும் அவர் மனைவியும். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் எதுவும் இல்லை. அக்கா சமைத்தால் எனக்கும் ஒரு கோப்பை சோறு கீழே இறங்கிவரும். பதிலுக்கு நான் மேலே போய் வாய் ஓயாமல் அலட்டுவேன். றெஸ்ரோரன்ற்றில் கோப்பை கழுவியது சும்மா பொழுதுபோக்கு, அலட்டுவதுதான் என் தொழில். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஒன்றுவிட்டொரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் படுத்து ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். தவறினால் முகம் ஊதும், மூச்சு இழுக்கும்.

அந்த ஜனவரியில் நிற்காமல் கொட்டிய பனியில் ஒரு தவணை தவறிப்போனது. மறுநாள் காலை முன்கதவைத் திறந்தால் நெஞ்சளவுக்கு வெள்ளைச் சுவர். ஆஸ்பத்திரி வான் வருகிறது, ஆனால் றோட்டிலேதான் நிற்கும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் நாங்கள் வழி வெட்ட வேண்டும். பனியை அள்ள நகரத்துக்கு ராணுவத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று றேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

“அக்கா, ஆமி வருதாம். சாமானைக் கட்டுங்கோ, ஓடுவம்” என்றேன்.

“இஞ்சயும் உன்னோடதான் ஓட வேண்டிக்கிடக்கு” என்றார் அக்கா. மூச்சுக்கு நடுவிலும் சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. சவளை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அண்ணை வெட்டிய விதம் வேறு. நான் அள்ளி எறிவது என் தலையிலேயே வந்து விழும். அவரோ கட்டி கட்டியாக வெட்டி இரண்டு பக்கமும் அடுக்கி, சவளின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி இறுக்கினார். சுவர் அவர் தோளுக்கு மேலே எழும்பியது. அரைவாசித் தூரம் போனதும் இடது பக்கம் திரும்பி வெட்டத் தொடங்கினார்.

“அண்ணை, றோட்டு நேர கிடக்கு. நீங்கள் எங்க, யாழ்ப்பாணத்துக்கோ போறியள்?”

அவர் நிமிர்ந்தார். தான் வெட்டிய முடக்கைப் பார்த்தார். சவள் அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அக்கா வாசலுக்கு வந்தார். பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“உதுக்குள்ள நான் இறங்கமாட்டன்.”

ஊரில் குண்டுபோட விமானம் வந்த காலத்தில் அண்ணை வளவுக்குள் வெட்டிய பங்கருக்கும் இதே முடக்குத்தான். சிதறல் நேரே உள்ளே பாயாமல் இருப்பதற்காக எல்லோரும் அப்படித்தான் வெட்டினார்கள். மாரி ஈரத்தில் இருந்த மண், பக்கத்தில் விழுந்த குண்டின் அதிர்வில் ஒரு நாள் சரிந்தது. முதலில் இறங்கிய அக்காவின் தங்கச்சி உள்ளே. “கதைச்சுக்கொண்டிரு, கதைச்சுக்கொண்டிரு” என்று அக்கா வெளியே நின்று கத்த, அண்ணை கையால் தோண்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து குரல் வந்ததாம். இதை அக்கா எனக்கு முன்பே ஒருமுறை, வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

றோட்டில் வான் வந்து ஹோர்ன் அடித்தது. அக்காவின் கண் இரண்டும் ஊதிக் கிடந்தன. அண்ணை சவளைக் கீழே வைத்தார். தான் இறுக்கிய சுவரில் தோளைக் கொடுத்து மோதினார். விழுந்தார், எழும்பினார், மறுபடி மோதினார். நானும் மோதினேன். முடக்கு உடைந்ததும் மீதியை இருவருமாக நேரே வெட்டித் தள்ளினோம், றோட்டுத் தெரிந்தது. சுவர்களைச் சரித்த பிறகும் இரண்டு பக்கமும் இடுப்பளவு வெள்ளை நின்றது.

“டேய், நீ முன்னால போ” என்றார் அக்கா. “வாயை மூடாமக் கதைச்சுக்கொண்டு போ.”

வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

“அலட்டன்ரா!”

கனடாவில் என் முதல் குளிர்காலத்தில், இடுப்பில் உடுக்கிற சாரம் பட்ட பாட்டைச் சொன்னேன். சாரத்தைத் தோய்த்து வெளியே காயப்போட்டேன் அக்கா. ம். போய்ப் பார்த்தால் பலகை மாதிரி விறைச்சு நிக்குது. ம். கதவைக் கழட்டிக்கொண்டு போறவன் மாதிரிக் கக்கத்துக்குள்ள வைச்சுக் கொண்டுவந்தன். ம். ஒவ்வொரு அடிக்கும் முதுகுக்குப் பின்னால் அந்த ‘ம்’ வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது. வானுக்குள் ஏறும்போது அக்கா, “அந்தச் சாரம் இப்ப எங்கயடா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் சில வருசம் அக்கா இருந்தார். அவர் போனதும் அண்ணை வீட்டை விற்றார். சவளை என்னிடம் தந்தார்.

நேற்றும், நான் இப்போது இருக்கும் ரூஜில் நல்ல பனி. நான் வாசலில் அள்ளிக்கொண்டிருந்தேன். மகள் கதவைத் திறந்து, “அப்பா, ஹூ ஆர் யூ டோக்கிங் டு? மெசின் இருக்குத்தானே?” என்றாள்.

“ஒருத்தருமில்லை. நீ உள்ள போ, குளிரும்” என்றேன்.

சாரம் விறைத்த இடத்தில் கதை நின்றிருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்கி, ஓர் அள்ளு அள்ளினேன். பிறகு ஒரு ‘ம்’முக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நிறுத்தினேன். மெசின் போட்டால் அந்த இரைச்சலில் பின்னால் ஒன்றும் கேட்காது.