பொத்தேரி விடுதி நோட்டில் கிடைத்த நாட்கள்

இப்போதெல்லாம் கைபேசியில் முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகிவிடுகிறது. அன்றைக்கு என் மேசையில் நீள அட்டைப் பதிவேடு ஒன்று இருந்தது. தாம்பரத்தில் ஏசி பழுதுபார்க்கும் நிறுவனத்தில் நான் குமாஸ்தா. அப்ரண்டிஸ்கள் காலையில் வந்து அதில் கையெழுத்திட வேண்டும். கோடையில் வேலை குவிந்துவிடும். வீட்டிலிருந்தே நேராகச் சைட்டுக்குப் போய்விடுவார்கள். காலியாகக் கிடந்த கட்டங்களில் நான் சிவப்பு மையால் ‘ஆப்சென்ட்’ போட்டேன். என் ஒழுங்கைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை!

அப்ரண்டிஸ்களில் ஒரே பெண், குழந்தை பிறந்த பிறகு ஐடிஐ முடித்துவிட்டு வந்தவர். பம்மல் அக்கா என்போம். பயிற்சி முடிவுத் தேர்வுக்குத் தகுதியானவர்கள் பட்டியல் வந்தபோது, அதிக நாள் நேராகச் சைட்டுக்குப் போன அவர் பெயர் மட்டும் வருகை போதாதென்று விடுபட்டிருந்தது.

“இன்னா சார் இது? மே மாசம் ஃபுல்லா மொட்டை மாடில வெந்துகினு இருந்தேன். லீவுன்னு போட்டு வெச்சிக்கீறீங்க?”

அந்தச் சிவப்பு மை என்னுடையது. சான்றிதழ் இல்லையென்றால் எத்தனை வருடமானாலும் அவர் ஹெல்ப்பர்தான். விடுபட்ட நாட்களுக்கு எழுத்தில் ஆதாரம் தர பயிற்சி அலுவலகம் மூன்றே நாள் அவகாசம் தந்தது. சர்வீஸ் ரசீதுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் மூத்த மெக்கானிக்கின் பெயர் மட்டும். அடுக்குமாடி வாசல்களில் காவலாளிகளின் நோட்டைக் கெஞ்சி வாங்கிப் பார்த்தோம். அங்கேயும் மெக்கானிக் பெயரை எழுதி, பக்கத்தில் ‘+1’ என்று போட்டிருந்தார்கள். அந்த ஒன்று யாரென்று எந்த அதிகாரி நம்புவார்? இரண்டு நாள் சோறே இறங்கவில்லை எனக்கு.

மூன்றாம் நாள் காலையில் அக்காவுக்குத்தான் பொறி தட்டியது. பொத்தேரியில் ஒரு மாணவியர் விடுதி. ஆண்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அங்கே அவரைத் தனியாகவே அனுப்பியிருந்தோம். ஓடினோம். வார்டன் எடுத்துக் கொடுத்த நோட்டில் பக்கம் பக்கமாக அவர் பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. நின்றபடியே எண்ணினேன். தேவைக்கு மேல் இரண்டு நாள் இருந்தது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பயிற்சி அலுவலகத்தில் அதிகாரியின் அறை வாசலில், தவறு என்னுடையது என்று கடிதம் எழுதினேன். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அக்கா பதிவேட்டைத் திருப்பி, தன் கையெழுத்து இருந்த இரண்டு கட்டங்களைக் காட்டினார்.

“சார், இந்த ரெண்டு நாள் நான் வரல. கொயந்தைக்கு ஜொரம். மெக்கானிக் அண்ணன்தான் எனக்காகக் கையெழுத்துப் போட்டாரு. அத்தயும் எழுதிடுங்க.”

“இப்பவா சொல்றீங்க அக்கா? விட்டுடுங்க, யாருக்குத் தெரியும்?”

“என் பேருக்கு எதிர்ல நிக்கிதே சார். நான் செஞ்ச வேலைய மட்டும் எண்ணட்டும்.”

எழுதினேன். உள்ளே அதிகாரி முதலிலிருந்து எண்ணினார், மறுபடியும் எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது, ஒரு நாள்கூட மிச்சமில்லாமல்.