கிராஃப்காரரின் இரண்டு புள்ளி நான்கு

குழாய்ச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாக ஸ்டோர் கீப்பராக இருக்கும் ஒரு மனிதர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். கிராஃப்காரர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். எதிரில் யார் வந்தாலும் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, மேலும் கீழுமாக ஓடும் ஒரு கோட்டைக் காட்டுவார். அது அவர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் கோடு. சென்சாரை அவரே வாங்கி, அவரே புரோகிராம் எழுதி, அவரே மாட்டியது. தொட்டி பாதிதான் நிறைந்திருக்கிறது என்று கோடு சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில், தண்ணீர் வழிந்து கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த மெத்தை நனைந்தது. அவர் மேலே வந்து சத்தம் போட்டபோது இவர் கைபேசியை நீட்டி, "பாதிதாங்க இருக்கு, நீங்களே பாருங்க" என்றார். அப்போது தண்ணீர் இவர் தோளிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

புரோகிராம் எழுதினார் என்று சொன்னது ஒரு மரியாதைக்கு. யாரோ எழுதி இணையத்தில் போட்டிருப்பதை இறக்கிக்கொள்வார். அதில் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் நிரப்புவார். ஓடினால் அது அவர் எழுதியது; ஓடாவிட்டால் சாமான் மட்டம். வகுப்பில் உட்காராமல் தொழில் கற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரே ரேடியோவைப் பத்துத் தடவை பிரித்து மாட்டி, ஒவ்வொரு தடவையும் இது ஏன் இப்படி என்று கேட்டுக் கேட்டே கற்றவர்கள். கிராஃப்காரரிடம் திருப்புளி இருந்தது, ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் கோல் இருந்தது, கைபேசி மூன்று இருந்தது. அந்த 'ஏன்' மட்டும் இல்லை.

அவருடைய மனைவிக்கு ஒரு தங்கை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடம் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் அவள். அந்தக் கூடத்தை மூடியபோது, கழித்துப்போட்ட ஒரு பழைய பொரிப்பு அலமாரியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆளுயரப் பெட்டி. உள்ளே சூடேற்றும் கம்பிச் சுருள், மின்விசிறி, தண்ணீர்த் தட்டு. வெளியே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு. பின்பக்கத்து அறையைக் காலி செய்து அதை நிறுத்தினாள். பண்ணைக்காரர் ஒருவர் சோதனைக்கு இருநூற்று நாற்பது முட்டை தந்தார்.

"மூணுல ரெண்டு பங்கு குஞ்சாச்சுன்னா மாசாமாசம் முட்டை உன் வீட்டுக்கு வரும். இல்லேன்னா, கோவிச்சுக்காதம்மா, இதோட சரி" என்றார்.

நூற்று அறுபது குஞ்சு. அதற்குக் குறைந்தால் அந்த அலமாரியில் துணி அடுக்க வேண்டியதுதான்.

செய்தி காதில் விழுந்த அன்று மாலையே கிராஃப்காரர் ஒரு பையோடு வந்து இறங்கினார். தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் பலகை. அதன் ஓரத்திலேயே மிளகு அளவில் வெப்பம் பார்க்கும் சென்சார். இரண்டையும் பேட்டரியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் திணித்து, அசையாமல் இருக்கப் பசை வைத்து மூடியிருந்தார். காற்றுப் போக ஒரு துளைகூட இல்லை.

"வயரே கிடையாது. உள்ள வச்சுட்டா போதும். ரெண்டு செகண்டுக்கு ஒருதரம் சூட்டை அனுப்பும், நான் கம்பெனியில உக்காந்து பாப்பேன்."

"ரெண்டு செகண்டுக்கு ஒருதரம் எதுக்கு மாமா? முட்டை பொரிய இருபத்தோரு நாளு ஆகும்."

"கோடு ஓடணும்மா. கோடு ஓடலேன்னா பாக்கறவனுக்கு என்ன தெரியும்?"

அவள் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "சூடா இருக்கே?"

"வேலை செய்யற பொருள் சூடாத்தான் இருக்கும். நீ வேலை செஞ்சா வேர்க்கறதில்ல?"

தன் பதில் தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார். அலமாரியை இன்னும் ஓடவிடவில்லை. அதற்குள் தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடி வெப்பமானி அறையின் சூட்டை இருபத்தொன்பது என்று காட்டியது. அவர் கைபேசி முப்பத்தொன்று புள்ளி நான்கு என்றது. இரண்டு புள்ளி நான்கு அதிகம். நின்று யோசிக்கிற எவனுக்கும், கையைச் சுடுகிற டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கும் சென்சார் தன் சூட்டையும் சேர்த்துச் சொல்கிறது என்று பிடிபட்டிருக்கும். அவர் மடிக்கணினியைத் திறந்தார். புரோகிராமில் ஒரு வரியின் கடைசியில் 2.4-ஐக் கழி என்று அடித்தார். கைபேசி இருபத்தொன்பது என்றது.

"பாத்தியா? இதுக்குப் பேருதான் கேலிப்ரேஷன்."

போகும்போது கண்ணாடி வெப்பமானியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரே பெட்டிக்கு இரண்டு கணக்கு இருந்தால் குழப்பமாம்.

முட்டையை அடுக்கி அலமாரியை ஓடவிட்ட பிறகு முதல் நான்கு நாள் பழுதில்லை. கைபேசியில் முட்டைக்கு வேண்டிய முப்பத்தேழு புள்ளி ஏழு, உள்ளேயும் அதே. திருகு நிற்கும் இடத்தில் அவள் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஆறு வருடக் கை. ஆனால் டப்பா இரண்டு செகண்டுக்கு ஒரு தரம் கத்திக்கொண்டிருந்ததில் தினம் ஒரு பேட்டரி தீர்ந்தது. கிராஃப்காரர் தினமும் பேட்டரியும் கையுமாக வந்து, பசையைப் பிரித்து மாட்டி, மறுபடி ஒட்டிவிட்டுப் போனார். நான்காம் நாள் மாலை அவருக்கு அலுத்துவிட்டது. மடிக்கணினியை முட்டைத் தட்டின் மேலேயே வைத்துக்கொண்டு, சாதனம் பத்து நிமிடம் தூங்கி ஒரு நொடி மட்டும் விழித்துச் சேதி அனுப்பும்படி மாற்றினார். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் சுற்றிக்காட்ட ஓடுகிற கோடு ஏது?

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் போன் அடித்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? முப்பத்தஞ்சு புள்ளி மூணு காட்டுது. முட்டையெல்லாம் வெறச்சுப் போவுது!"

"நான் திருகைத் தொடவே இல்லியே மாமா."

"நான் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன், நீ தொடலேங்கற. கூட்டு, கூட்டு."

அவள் கூட்டினாள். ஆணிக்கீறலைத் தாண்டித் திருகு போனது அவளுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு அவரே அழைத்து, "முப்பத்தேழு புள்ளி ஏழு. கரெக்ட். இப்படியே விடு" என்று பாராட்டினார்.

பகல் பன்னிரண்டுக்கு முட்டை திருப்புகிற நேரம். பொரிப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: திருப்பும்போது நடுத்தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, மூடிய கண்ணிமை மேல் வைப்பார்கள். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், பொய் சொல்லும், இமை சொல்லாது. அவள் வைத்தாள். சுட்டது. இன்னொன்றை எடுத்து வைத்தாள். அதுவும் சுட்டது. அப்படியே கதவை மூடிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, அந்தக் காய்ச்சல் பாக்கற கண்ணாடிக் குச்சி எங்க?"

"யாருக்குடி காய்ச்சல்?"

"முட்டைக்கு."

அக்காவும் கூடவே வந்துவிட்டாள். குச்சியை நன்றாக உதறி, இரண்டு முட்டைகளுக்கு நடுவில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தார்கள். நாற்பதைத் தாண்டி ஒரு கோடு ஏறியிருந்தது. அவள் திருகை ஆணிக்கீறலுக்கே திருப்பினாள். கதவை அகலத் திறந்து முறத்தால் விசிறினாள். கால் மணி நேரம் கழிவதற்குள் கிராஃப்காரர் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கம்பெனியில் யார் யாருக்கோ குழாய் எடுத்துக் கொடுக்காமல் விட்டுவிட்டு வந்திருப்பார்.

"கதவை மூடு! முப்பத்திரண்டுக்கு வந்துடுச்சு! கொலை பண்றியே!"

"நாப்பதுக்கு மேல இருந்துச்சு மாமா. இப்பத்தான் எறங்குது."

"யாரு சொன்னா?"

அக்கா குச்சியைத் தூக்கிக் காட்டினாள். "இது சொல்லுச்சு."

"மனுஷனுக்கு வைக்கிறதைக் கொண்டுபோய் முட்டையில வச்சா அது என்னத்தைக் காட்டும்? முட்டைக்கு ஜுரம்னு சொன்ன மொத குடும்பம் நம்மதுதான்!"

"நேத்து சாயந்திரம் நீங்க என்ன மாத்துனீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணும் மாத்தல. தூங்க வச்சேன், அவ்வளவுதான்."

அவள் அலமாரிக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்தாள். மறு கையில் பக்கத்து முட்டை ஒன்றை எடுத்தாள். இரண்டையும் கொஞ்ச நேரம் பிடித்தபடி நின்றாள்.

"மொத நாளு இது தனியாச் சுட்டுச்சு. இன்னிக்கு முட்டை என்ன சூடோ அதே சூடுதான். நீங்க கழிச்சீங்களே, ரெண்டு புள்ளி நாலு, அது எதுக்கு?"

"அதிகமாக் காட்டுச்சு, கழிச்சேன்."

"ஏன் அதிகமாக் காட்டுச்சு?"

கிராஃப்காரர் மனைவியைப் பார்த்தார். அங்கே உதவி இல்லை.

"கடையில அரிசியை டப்பாவோட எடை போடறாங்க. டப்பா எடையைக் கழிக்கிறாங்க. சரி. நாளைக்கு டப்பாவை எடுத்துட்டு, அரிசியை மட்டும் வச்சு, அப்பவும் டப்பா எடையைக் கழிச்சா? உங்க டப்பா இப்பத் தூங்குது மாமா. அதுக்குச் சூடே கெடையாது. நீங்க இன்னும் கழிச்சுக்கிட்டே இருக்கீங்க."

"புரோகிராமுக்கும் அரிசிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அந்த வரியில சைபர் போடுங்க."

"அதெல்லாம் டக்குன்னு தொட முடியாது. உள்ள பெரிய லாஜிக் இருக்கு."

"போடறீங்களா, இல்ல நான் போய் உங்க ஸ்டோர்ல குழாயை எண்ணட்டுமா?" என்றாள் அக்கா. "பதினெட்டு வருஷமாக் குழாய் எண்றீங்க. ஒருநாளாவது எண்ணிக்கை ஒத்துப் போயிருக்கா?"

போட்டார். மச்சினி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் சைபரைத் தவிர வேறெதையும் போட முடியவில்லை. டப்பா மறுபடி உள்ளே போனது. பத்து நிமிடம் மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது விழித்தபோது கைபேசியும் காய்ச்சல் குச்சியும் ஒரே எண்ணைக் காட்டின. அவர் உடனே, "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார்.

ஏழாம் நாள் அவள் இருட்டறையில் விளக்கின் முன் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தாள். நாற்பத்து நான்கில் இரத்த வளையம் மட்டும் இருந்தது; உயிர் இல்லை. எடுத்துத் தனியே வைத்தாள். மீதி நூற்றுத் தொண்ணூற்று ஆறு. அந்த நாற்பத்து நான்கில் எத்தனை அந்த ஐந்து மணி நேரச் சூட்டில் போனது, எத்தனை தானாகவே போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் தெரிந்ததுபோலப் பேசவில்லை. மீதிப் பதினான்கு நாளும் காய்ச்சல் குச்சி கதவின் உட்பக்கத்தில் ஒரு நூலில் தொங்கியது.

இருபத்தோராம் நாள் மாலை நூற்று எழுபத்தொரு குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. பண்ணைக்காரர் இரண்டு தடவை எண்ணினார். அழைக்காமலே கிராஃப்காரரும் வந்திருந்தார். பண்ணைக்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்க் கைபேசியைக் காட்டினார்.

"இதோ பாருங்க, அஞ்சாம் நாள். முப்பத்தஞ்சு புள்ளி மூணுக்கு விழுந்துடுச்சு. என் சென்சார் உடனே கண்டுபிடிச்சுது. இல்லேன்னா மொத்தமும் போயிருக்கும். உங்க பண்ணைக்கும் ஒரு பத்து மாட்டிக் குடுக்கட்டுமா?"

பண்ணைக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"அஞ்சாம் நாள் முட்டைக்கு ஜுரங்க. மாமாதான் வரவச்சார்" என்றாள் அவள்.

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அடுத்த முட்டை வண்டி திங்கட்கிழமை வரும் என்றார். பத்து சென்சாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கிராஃப்காரரின் மகளுக்கு உடம்பு கொதித்தது. அவர் வேகவேகமாக மச்சினி வீட்டுக்கு வந்து, காய்ச்சல் குச்சியைக் கேட்டார். அவள் அலமாரிக் கதவைத் திறந்து, நூலை அவிழ்த்து, சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எவ்வளவு காட்டுனாலும் ரெண்டு புள்ளி நாலைக் கழிச்சுக்குங்க மாமா. ஜுரமே இருக்காது."

"எதுக்குக் கழிக்கணும்?" என்றார் அவர்.

மெய்யாகவே கேட்டார்.