ஐந்து ஸ்டேஷன் எண்ணெய்க் குளியல்

அந்தத் தீபாவளிக்குத் திருநெல்வேலி போக டிக்கெட் கிடைக்கவில்லை. கம்பெனிக்கு நான்கு நாள் லீவு. ஒரகடத்து ஹாஸ்டலில் நாங்கள் ஆறு பெண்கள்தான் மிச்சம், மெஸ்ஸையும் மூடிவிட்டார்கள். சும்மா படுத்துக் கிடப்பதற்குப் பதில், வடக்குப்பட்டுப் பக்கம் இருக்கும் ஆதரவற்ற பெண்கள் இல்லத்தில் போய் உதவலாம் என்று சொன்னது நான்தான். புண்ணியம் ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே மதியச் சாப்பாடு கிடைக்கும் என்ற நினைப்பும் இருந்தது.

முந்தின நாளே போய் விசாரித்தோம். இருபத்தேழு பெண்கள். பாதிப் பேருக்கு நினைவு சரியில்லை, சாலையோரத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். அத்தனை பேரையும் பார்த்துக்கொள்வது ஒரே ஓர் அக்கா. காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். தீபாவளி எண்ணெய்க் குளியலை மூன்று நாளாகப் பிரித்துச் செய்வாராம்.

"ஒவ்வொருத்தரா தான் பண்ண முடியும் கண்ணு. நாளைக்கு ஒம்போது பேரு, அப்பால ஒம்போது பேரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அசெம்பிளி லைனில் லீடர். "தீபாவளி முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு யாரு அக்கா எண்ணெய் தேய்ப்பா? நாங்க ஆறு பேரு இருக்கோம்லா. ஏழரைக்குள்ள முடிச்சிருவோம். நீங்க ஒரு நாளாச்சும் சும்மா இருங்க" என்றேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. எனக்கு வாய் அதிகம்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு லைன் போட்டோம். கம்பெனியில் ஒருவர் நின்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். இங்கே ஐந்து ஸ்டேஷன். ஒருத்தி எண்ணெய் வைப்பாள், அடுத்தவள் சீயக்காய் தேய்ப்பாள், மூன்றாவது நான், வெந்நீர் ஊற்றுவேன், அப்புறம் துவட்டல், கடைசியில் புதுப்புடவை. ஆறாவது பெண் ஆட்களை அழைத்து வந்து வரிசையில் நிறுத்துவாள். அக்காவைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டோம். ஆறரை மணிக்குப் பத்தொன்பது பேர் லைனுக்குள் வந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இருபதாவதாக வந்தவர் ஒல்லியான, உயரமான அம்மா. அறுபதைத் தாண்டியவர். எண்ணெய் வைக்கும்வரை சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். எழுப்பி அடுத்த இடத்தில் நிறுத்தியபோதுதான் எதிரே நனைந்தபடி வரிசையில் நின்றவர்களையும், என் கையில் ஓங்கிய சொம்பையும் பார்த்தார். ஒரு சத்தம் போட்டார். மார்பு வரை ஏற்றிக் கட்டிய பாவாடையோடு, எண்ணெய் வழிய, பால்காரருக்காகத் திறந்து வைத்திருந்த கேட் வழியாக வெளியே ஓடிவிட்டார்.

நாங்களும் பின்னாலேயே பாய்ந்தோம். "ஒருத்தரும் ஓடாதீங்க" என்று சமையலறை வாசலிலிருந்து அக்காவின் குரல் தடுத்தது. "தொரத்தினா லாரி வர்றது கூட தெரியாது அதுக்கு. நேரா மெயின் ரோட்ல பூந்துடும்."

அந்த அம்மா போன தடவை இப்படி ஓடியபோது, ஒன்பது நாள் கழித்துக் குன்றத்தூரில்தான் கிடைத்தாராம்.

"முன்ன இருந்த எடத்துல வரிசையா நிக்க வெச்சு டியூப்ல தண்ணி அடிப்பாங்களாம். வரிசைன்னாலே அதுக்கு ஆவாது. நேத்து சொல்ல வந்தேன், நீதான் பேசிகினே இருந்தியே" என்றார் அக்கா. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அக்கா ஒரு வாளி வெந்நீரையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்தார். எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், இரண்டு புடவைகளோடு நாங்கள் மூன்று பேர் தள்ளித் தள்ளிப் போனோம்; மற்ற மூன்று பேர் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஊர்ச்சாலை மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில், கம்பெனி பஸ் நிற்கும் நிழற்குடை அருகே அந்த அம்மா நின்றிருந்தார். ஒரு கால் தார் ரோட்டில். பண்டிகை நாளிலும் கார் ஏற்றிய டிரெய்லர்கள் பறந்துகொண்டிருந்தன.

அக்கா அவரிடம் போகவில்லை. பத்தடி முன்னாலேயே வாளியை வைத்து உட்கார்ந்தார். ஒரு சொம்பு தண்ணீரைத் தன் காலில் ஊற்றிக்கொண்டு, "பதமா கீது. வேணும்னா கைய வுட்டுப் பாரு" என்றார். ஒரு டிரெய்லர் போனது. அந்த அம்மாவின் பாவாடை காற்றில் அடித்தது. இன்னொன்று போனது. அக்கா வாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் இருக்கும். அந்த அம்மா தானே திரும்பி வந்தார். குனிந்து வாளியில் விரலை விட்டார். அக்கா சொம்பை அவர் கையில் கொடுத்தார். முதல் சொம்பை அவரே தோளில் ஊற்றிக்கொண்டார். இரண்டாவதை ஊற்ற அக்காவை விட்டார்.

நிழற்குடைக்குப் பின்னால் நாங்கள் புடவையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டோம். சீயக்காய் தேய்த்துக்கொண்டே அக்கா கேட்டார்: "பச்சை வளையல் போட்ட அம்மாவுக்கு காதுல துணி வெச்சீங்களா? சீழ் வருது அதுக்கு. மூலை ரூம் அம்மாவுக்கு சுடுதண்ணியே ஆவாது, ஊத்தினீங்களா?" ஊற்றியிருந்தோம். மூலை ரூம் அம்மா நடுங்கியதைக் குளிர் என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றினவள் நான். இருபத்தேழு தலைகளையும் தனித்தனியாக அறிந்த கை அது. மூன்று நாள் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. என் வாழ்நாளில் இப்படி ஒரு வேலைக்காரியை நான் பார்த்ததில்லை. பிரமித்துப் போய் நின்றேன்.

துவட்டி முடித்ததும் அந்த அம்மா அக்காவின் தலையையே பார்த்தார். வறண்டு, நரைத்து, அவசரமாக முடிந்த கொண்டை.

"உனக்கு கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னா, அப்பால பாத்துக்கலாம்."

அந்த அம்மா என் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "உக்காரு" என்றார்.

அக்கா மண்ணில் உட்கார்ந்தார். உச்சந்தலையில் எண்ணெய் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் ஆறு பேரில் ஒருத்திக்கும் அவரிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. வாளியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெந்நீருக்கு ஓடினேன்.