இடுப்பில் இரண்டு பொட்டு

என் பைக் சாவி மூன்று மாதமாக மனைவியின் கைப்பையில் இருக்கிறது. சங்கராபுரம் சாலையில் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து, அவள் ஓட்டும் ஸ்கூட்டியின் பின்சீட்டுதான் எனக்கு. மழை விட்டதும் வழக்கம்போல் கல்வராயன் மலைக்குத் தனியாகப் பைக்கில் ஏற வேண்டும் என்று சாவியைக் கேட்டேன். "அந்த பிசியோ பொண்ணு சரின்னு சொல்லட்டும், தரேன்" என்றாள்.

கள்ளக்குறிச்சியில் அந்த பிசியோதெரபிப் பெண் இடுப்பை அளக்கும் விதம் எளிது. நிற்க வைத்து, முதுகின் அடியில் பேனாவால் இரண்டு கோடு போடுவாள். நடுவில் பதினைந்து சென்டிமீட்டர். முட்டியை மடக்காமல் குனிந்தால் கோடுகள் விலகும். இருபதைத் தொட்டால் பைக். முதல்முறை எனக்குப் பதினாறரை. அலமாரி கொள்ளாத அளவுக்குப் புத்தகம் படித்தவன், ஒன்றரை சென்டிமீட்டர் தேறியிருந்தேன்.

இரண்டாம் முறை அளக்கப் போன அன்று காலை, மனைவியிடம் இடுப்பில் சுடச்சுட நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னேன். கதவுக் கீலுக்கு ஆவது எனக்கும் ஆகும் என்று கணக்கு.

பேனா எழுதவில்லை.

"இன்னாங்க சார் இது, சட்டியில இருந்து எடுத்த பஜ்ஜியாட்டம் வந்து நிக்கிறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

மனைவி கைப்பையைத் திறந்தாள். சாவிக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை. இரண்டை எடுத்து, அந்தப் பெண் காட்டிய இடங்களில் ஒட்டினாள். ஐம்பத்திரண்டு வயதில், இடுப்பில் மெரூன் பொட்டோடு குனிந்தேன்.

"இருபத்திமூணு! சூப்பர் சார்!"

குனிந்தபடியே மனதுக்குள் முதல் கொண்டையூசி வளைவைத் தாண்டிவிட்டேன்.

"இரு பாப்பா" என்று மனைவி கண்ணாடியை மாட்டினாள். "மேல் பொட்டப் பாரு. எண்ணெயில வழுக்கிக்கினு கழுத்தாண்ட போவுது."

"நீ யார் பக்கம்?" என்று தரையிடம் கேட்டேன்.

"உங்க இடுப்பு பக்கந்தாங்க."

அந்தப் பெண் ஸ்பிரிட் பஞ்சால் எண்ணெயைத் துடைத்து, பேனாவால் கோடு போட்டு, மறுபடி அளந்தாள். பதினெட்டு.

"ஏறிக்கினுதான் இருக்குது சார். இன்னும் ஒரு மாசம்."

கைப்பை மூடிய சத்தம் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன், ஸ்கூட்டியின் பின்சீட்டில். பைக் ஓட்டுவதைவிட இதில்தான் இடுப்பு ஜாஸ்தி வலிக்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்தது பஸ்.